உவர் ஏறும் காலம்: குருதிப் புற்றுநோயாளரும் பூஞ்சணமும்

ஐப்பசி பிறந்து வாடைக்காற்றோடு மழையும் இறங்கிவிட்டால், ஊர்காவற்றுறையிலும் நெடுந்தீவிலும் நயினாதீவிலும் ஒடியல் சேமித்து வைத்திருக்கும் வீடுகளிலே ஒரு சிறு கவலை தொடங்கிவிடும். மாசியிலே கிண்டிய பனங்கிழங்கைக் கிழித்துக் காயவைத்துக் கடகத்திலோ பானையிலோ இட்டு மூடிய அந்த ஒடியலை எடுத்துப் பார்த்தால், ஓரிடத்திலே சாம்பல் பூத்தாற்போலவும் இன்னோரிடத்திலே புகை படிந்த பச்சையாகவும் பூஞ்சணம் படர்ந்திருக்கும். வீட்டுக்காரி அதனை முற்றத்துக்குக் கொண்டுவந்து, சுளகிலே தட்டிப் புடைத்து, வெயில் கண்ட நேரத்தில் பாயிலே பரப்பிவிடுவாள். தட்டும்போது எழுகின்ற தூளை அவளும் சுவாசிக்கிறாள், அருகில் விளையாடும் பிள்ளையும் சுவாசிக்கிறது, திண்ணையில் இருக்கும் அப்புவும் சுவாசிக்கிறார், இரண்டொரு தும்மலுக்குமேல் எவருக்கும் ஒன்றும் நேர்வதில்லை. ஆனால் குருதிப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுவரும் ஒருவர் அந்த வீட்டில் இருப்பாராயின், அத்தகைய தூளில் ஒரு துகள் அவருடைய நுரையீரலிலே முளைத்து, குருதிக்குழாயைத் துளைத்து, சில வாரங்களுக்குள்ளே உயிரைக் கவர்ந்துவிடவும் கூடும். காற்று ஒன்றாயும் தூள் ஒன்றாயும் இருக்க, ஒருவருக்குத் தும்மலும் ஒருவருக்கு மரணமும் விளைவானேன்?

பூஞ்சணம், காளான், கள்ளைப் பொங்கவைக்கும் மதுவம் ஆகிய யாவும் ஒரே உயிரின இராச்சியத்தைச் சேர்ந்தவை. நம் பாடநூல்கள் அவற்றைப் பங்கசு என்று வழங்கும். இலையும் வேருமின்றி, சூரிய ஒளியிலே உணவு சமைக்கும் ஆற்றலுமின்றி, இறந்துபட்டவற்றின்மேல் நொதியங்களைச் சுரந்து கரைத்து உறிஞ்சி வாழ்கின்ற இவற்றைத் தாவரவியலாரே நெடுங்காலம் ஆராய்ந்து வந்தார்களாயினும், பரம்பரையளவில் இவை தாவரங்களைவிட விலங்குகளுக்கே நெருங்கிய உறவினர் என்பது இப்போது தெளிவாகியிருக்கிறது. இந்த உறவு மருந்து தேடும் இடத்திலே நமக்குப் பெருந்தொல்லையாக வந்து நிற்கும். அதனை அங்கே காண்போம்.

பங்கசுகள் பெருகுவது வித்திகளாலே. குருதிப் புற்றுநோயாளருக்கு மிகுந்த அபாயம் விளைக்கும் அஸ்பேர்ஜிலஸ் பியூமிகேற்றஸ் என்னும் இனத்தின் வித்தி 2 முதல் 3 மைக்குரோமீற்றர் அளவினது. ஒரு மில்லிமீற்றர் நீளத்தில் முந்நூற்றுக்கும் மேற்பட்ட வித்திகளை வரிசையாக நிறுத்திவிடலாம். மூக்கின் மயிரும் மூச்சுக்குழாயின் சளியும் பிடித்து நிறுத்தமாட்டாத இந்தச் சூக்கும வித்திகளை நாம் ஒவ்வொருவரும் நாள்தோறும் நூற்றுக்கணக்கில் நுரையீரலின் அடித்தளம் வரை இழுத்துக்கொண்டிருக்கிறோம். பங்கசுகளிற் பெரும்பாலானவை நம் சரீரத்தின் வெப்பத்தைத் தாங்கமாட்டாமலே ஒழிந்துபோகின்றன. 2009இல் வெளிவந்த ஓர் ஆய்விலே, சேமித்து வைக்கப்பட்டிருந்த 4802 பங்கசு வகைகளை எடுத்து நோக்கியபோது, 30 பாகை முதல் 40 பாகை வரையில் வெப்பம் ஒவ்வொரு பாகை ஏறுந்தோறும் மேலும் 6 சதவீதமானவை வளரமாட்டாது நின்றுவிட்டமை தெரியவந்தது. அஸ்பேர்ஜிலசுக்கோ இது ஒரு தடையே அன்று. எருக்கும்பியின் நடுவிலே கைவைத்துப் பார்த்தவருக்கு அதன் வெம்மை தெரியும். அந்த வெம்மையிலே வாழப் பழகிய உயிருக்கு நம்முடைய 37 பாகை எம்மாத்திரம்?

ஆகவே நம்மைக் காப்பது வெப்பம் மாத்திரமன்று. அதனை விளக்க நம் தீவகத்துக் கிணற்றைவிடத் தக்க உதாரணம் எனக்குத் தெரியவில்லை. நம் நிலத்தின் அடியிலே இருப்பது சுண்ணாம்புக்கல். அதன் வெடிப்புகளிலும் துளைகளிலும் நாற்புறத்துக் கடலும் உட்புகுந்தே நிற்கிறது. மாரியிலே பெய்து ஊறிய மழைநீர், கனம் குறைந்ததாகையால், அந்த உவர்நீரின்மேல் வில்லையாக மிதந்து, தன் பாரத்தினாலே அதனைக் கீழே அழுத்தி வைத்திருக்கிறது. நன்னீர் கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பதடிக்கு உவர்நீர் தாழ்ந்திருக்கும் என்பது நிலநீர் நூலாரின் கணக்கு. பங்குனி சித்திரையிலே அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கிணறு உவர்த்துவிடுகிறதே, அப்போது கடல் புதிதாக எங்கிருந்தும் வந்துவிடவில்லை. அது என்றும் அங்கேயே இருந்தது. இறங்கியது நன்னீர். ஒரு நாள் இறைப்பினாலே உவர் ஏறிவிடுவதுமில்லை. எவ்வளவு இறங்கியது, எத்தனை நாள் இறங்கியே நின்றது என்னும் இரண்டும் சேர்ந்தே கிணற்றின் கதியைத் தீர்மானிக்கின்றன.

சரீரத்திலே இந்த நன்னீரின் ஸ்தானத்தில் நிற்பது குருதியிலுள்ள வெண்குழியங்களுள் நடுநிலைநாடி என்னும் வகை. என்புகளின் உள்ளேயிருக்கும் மச்சையிலே நாளொன்றுக்குப் பத்தாயிரம் கோடி அளவில் இவை உற்பத்தியாகி, குருதியிலே ஒரு நாளைக்குள்ளாகவே தம் காலத்தை முடித்துக்கொள்கின்றன. ஊற்று ஓயாதிருந்தால் மாத்திரமே மட்டம் நிற்கும்; ஊற்று அடைபட்டால் ஓரிரு நாட்களிலே மட்டம் இறங்கிவிடும். குருதிப் புற்றுநோயிலே அடைபடுவது அந்த ஊற்றேதான். முதிராத வெண்குழியங்கள் மச்சை முழுவதையும் நிறைத்துக்கொண்டு, நல்ல குழியங்கள் பிறக்க இடமில்லாமற் செய்துவிடுகின்றன. குருதியைச் சோதித்தால் வெண்குழியத் தொகை சாதாரணத்திலும் பன்மடங்காக இருக்கக்கூடுமாயினும், அவற்றுள்ளே தொழில் செய்யத்தக்கவை சொற்பமே. பின்னர், அந்தத் துஷ்டக் குழியங்களை அழிப்பதற்காகக் கொடுக்கப்படும் மருந்துகள் எஞ்சியிருந்த நல்லவற்றையும் சேர்த்தே அழித்துவிட, மச்சை மீண்டும் தழைப்பதற்கு இரண்டு மூன்று வாரங்கள் செல்கின்றன. நோயும் வெறுமையாக்குகிறது; சிகிச்சையும் வெறுமையாக்குகிறது.

இவையெல்லாம் எவ்வாறு அறியப்பட்டன? நம் சைவ சாத்திரிகள் காட்சி, கருதல் என்று அளவைகளை வகுத்தார்களே, அந்த இரண்டுமே இங்கே வேண்டியிருந்தன. முதலிற் காட்சி. உருசிய நாட்டு இலியா மெச்னிக்கோவ் 1884இல் வெளியிட்ட ஆய்வொன்றிலே, குளத்துநீரில் வாழும் நீர்த்தெள்ளு என்னும் சிற்றுயிருக்கு வரும் ஒரு நோயை விவரித்தார். கண்ணாடிபோல ஊடுருவித் தெரியும் அதன் உடலுக்குள்ளே, ஊசிவடிவான மதுவ வித்திகள் குடற்சுவரைத் துளைத்துக்கொண்டு வருவதையும், உடற்குழியிலே திரியும் குழியங்கள் அவற்றைச் சூழ்ந்து விழுங்கிக் கரைப்பதையும் அவர் நுணுக்குக்காட்டியிலே பிரத்தியட்சமாகக் கண்டார். வித்தி முழுவதும் கரைந்தால் தெள்ளு பிழைத்தது. கரையுமுன் முளைத்துவிட்டால் இறந்தது. தின்குழியம் என்னும் கருத்துக்கு ஒரு தொற்றுநோயிலே கிடைத்த முதற்சான்று பங்கசு நோயொன்றிலேயே கிடைத்தது என்பது இன்று பலர் மறந்துவிட்ட சங்கதி. 1908இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

இந்த வரலாற்றிலே ஒரு விசித்திரமும் உண்டு. குருதிப் புற்றுநோய்க்கு 1847இல் லுக்கேமியா என்று பெயரிட்டவர் ஜேர்மனியரான ருடோல்ப் விர்க்கோ; 1856இல் மனித நுரையீரலிலே அஸ்பேர்ஜிலஸ் வளர்ந்திருக்கக் கண்டு எழுதியவரும் அவரே; மெச்னிக்கோவின் நீர்த்தெள்ளுக் கட்டுரை அச்சேறியதும் அவர் நடத்திவந்த சஞ்சிகையிலேதான். மூன்று செய்திகளும் ஒருவர் மேசையைக் கடந்து சென்றிருந்தும் அவை ஒன்றுசேர எண்பதாண்டுக்குமேல் ஆயிற்று. காரணம் புத்திக்குறைவன்று. அக்காலத்துக் குருதிப் புற்றுநோயாளர் குருதிப்பெருக்கினாலும் பற்றீரியாத் தொற்றினாலும் விரைவிலே இறந்துபோனார்கள். பூஞ்சணம் முளைக்கும் வரையில் அவர்கள் உயிரோடிருக்கவில்லை. பெனிசிலினும் அதன் பின்வந்த மருந்துகளும் பற்றீரியாவைத் தடுத்து, புற்றுநோய் மருந்துகளும் ஆயுளை நீட்டிய பிறகே, பிரேத பரிசோதனைகளில் பூஞ்சணம் அடிக்கடி தென்படலாயிற்று.

அடுத்தது கருதல், அதாவது எண்ணிப் பார்த்து அனுமானித்தல். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையத்திலே ஜெரால்ட் போடி என்பாரும் அவருடன் சேர்ந்தோரும், தீவிர குருதிப் புற்றுநோயுற்ற 52 பேரின் வெண்குழிய எண்ணிக்கையைத் தொடர்ந்து குறித்துவந்து, எந்த எண்ணிக்கையிலே எத்தனை நாள் இருந்தபோது யாருக்குத் தொற்று உண்டாயிற்று என்று ஒப்புநோக்கி, 1966இல் வெளியிட்டார்கள். சுகதேகியின் குருதியிலே ஒரு கனமில்லிமீற்றரில் நடுநிலைநாடிகள் 2000 முதல் 7500 வரை இருக்கும். 1000க்குக் கீழே இறங்கும்போது தொற்று மிகத் தொடங்கியது. 100க்குக் கீழே மிகக் கடுமையாயிற்று. அந்தத் தாழ்மட்டம் நாட்கணக்கில் நீளநீள ஆபத்தும் வளர்ந்துகொண்டே சென்றது. ஆழம், காலம் என்னும் இரண்டும் சேர்ந்த கணக்கு அது. இன்று உலகெங்கும் வைத்தியர் 500 என்னும் எண்ணை எல்லையாகக் கொள்வதும், அதன் கீழே பத்து நாளுக்குமேல் நின்றவரைப் பங்கசு நோய்க்கு உரியவராகக் கருதுவதும் இந்த வழியிலே வந்தவையே. நோயாளரின் குருதித் துளிகளை நாள்தோறும் பொறுமையாக எண்ணியதன் பயன் அந்த எண். பெரிய கருவி ஒன்றும் அதற்கு வேண்டியிருக்கவில்லை.

எண்ணிக்கை குறைந்தபோது நோய் வந்தது என்பதாலேயே, குறைந்தமைதான் நோய்க்குக் காரணம் என்று சொல்லிவிடலாமா? வேறு எதுவோ இரண்டையும் விளைவித்திருக்கலாம் அல்லவா? இந்த ஐயத்தைத் தீர்த்தவை இரண்டு. 1982இல் ஷாவ்னர் என்னும் ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் எலிகளிலே செய்து காட்டிய பரிசோதனை ஒன்று: நுரையீரலின் காற்றறைகளிலே குடியிருக்கும் பெருந்தின்குழியங்கள் வித்திகளை விழுங்கி அழிக்கின்றன, அவற்றுக்குத் தப்பி முளைத்த வித்தி நீண்ட இழையாகிவிட்டால், விழுங்குவதற்கு அது மிகப் பெரிதாகிவிடுகிறது, அப்போது நடுநிலைநாடிகளே வந்து இழையின்மேல் ஒட்டி, தம்முள்ளிருக்கும் நச்சுப்பொருள்களை அதன்மேல் உமிழ்கின்றன. கோட்டிசோன் என்னும் ஸ்டீரொயிட்டைக் கொடுத்தால் முதற்காவல் தளர்ந்தது. குழியநாசினி கொடுத்தால் இரண்டாங்காவல் இல்லாமற் போயிற்று. மற்றது இயற்கையே செய்துவைத்த பரிசோதனை. சில குழந்தைகள் நடுநிலைநாடிகளைப் போதிய தொகையிலே உடையவராயிருந்தும், அவை ஒட்சிசனிலிருந்து நச்சுப்பொருள் ஆக்கமாட்டாத பரம்பரைக் குறையோடு பிறக்கிறார்கள். அவர்களுக்கும் அஸ்பேர்ஜிலஸ் நோய் வருகிறது. ஆகவே தொகை மாத்திரம் போதாது, தொழிலும் வேண்டும். மறுபுறத்திலே, எயிட்ஸ் நோயாளருக்குக் குறைவது வேறொரு வகை வெண்குழியம். அவர்களுக்கு வாயிலே கண்டிடா என்னும் மதுவம் வெண்படலமாகப் படர்வதும், கிரிப்றோகொக்கசு என்னும் பங்கசு மூளையுறையைத் தாக்குவதும் மிகுதியாயிருக்க, நுரையீரலைத் துளைக்கும் அஸ்பேர்ஜிலஸ் அத்துணை வழக்கமாக வருவதில்லை. எந்தக் காவல் நீங்கியது என்பதைப் பொறுத்தே எந்தப் பங்கசு உள்ளே வரும் என்பதும் அமைகிறது. 2021இலே இந்தியாவிற் பரவிய கறுப்புப் பூஞ்சை நீரிழிவும் ஸ்டீரொயிட்டும் கூடிய இடத்திலே முளைத்தமையும் இந்த நியாயத்தின்பாற்பட்டதே.

காவல் நீங்கிய இடத்தில் நேர்வது மிகவும் அமைதியாக நேர்கிறது. நமக்கு ஒரு முள் ஏறினால் இடம் சிவந்து, வீங்கி, சீழ் கட்டுகிறது. சீழ் என்பது பெரும்பாலும் இறந்த நடுநிலைநாடிகளின் குவியல். நடுநிலைநாடியே இல்லாதவருக்குச் சீழ் ஏது, வீக்கம் ஏது? மார்பு எக்ஸ்றே சுத்தமாகக் காணப்படும், சளியும் இராது, இருமலும் அற்பமாயிருக்கும். காய்ச்சல் ஒன்றே சொல்லிக்கொண்டிருக்கும். உள்ளே இழைகள் குருதிக்குழாய்ச் சுவரைத் துளைத்து அடைத்து, அதற்கப்பாலுள்ள தசையைக் குருதியின்றி மாளச்செய்கின்றன. சி.டி. ஸ்கான் படத்திலே ஒரு முடிச்சும் அதனைச் சுற்றி மங்கலான வளையமுமாக இது தெரியும். வளையமாகத் தெரிவது கசிந்த குருதி. இன்னொரு விநோதம் யாதெனில், தக்க மருந்து கொடுத்து நோயாளி தேறிவரும்போதே, முதல் வாரத்திலே படத்திலுள்ள முடிச்சு பெருத்துத் தோன்றும். நடுநிலைநாடிகள் திரும்பிவந்து வேலை தொடங்கியதும் அதற்கு ஒரு காரணம் என்பதை அறியாதவர் அந்தப் படத்தைப் பார்த்து மனமுடைந்து போவர்.

குருதியை வளர்ப்பூடகத்திலிட்டுச் சோதித்தால் அஸ்பேர்ஜிலஸ் வளர்வது மிக அருமை; கண்டிடாவும் ஏறத்தாழப் பாதித் தடவைகளிலேயே அகப்படும். இந்தக் கண்டிடா காற்றிலே வருவதன்று, நம் குடலிலேயே குடியிருப்பது. மருந்தினாலே குடலின் உட்போர்வை புண்ணாகும்போதும், நாளத்திலே பல நாட்கள் பொருத்திவைத்த குழாயின் வழியாகவும் அது குருதியினுள்ளே இறங்குகிறது. அஸ்பேர்ஜிலஸ் இழை வளரும்போது தன் சுவரிலிருந்து உதிர்க்கும் கலக்ரோமனன் என்னும் வெல்லப்பொருளைக் குருதியிலே தேடும் சோதனை இப்போது உண்டு. ஆனாலும் சான்று கைக்கு வரும் வரை காத்திருத்தல் பல வேளைகளில் காலங்கடத்துவதாகிவிடும். பற்றீரியா மருந்து கொடுத்தும் ஒரு வாரமாகக் காய்ச்சல் தணியாவிட்டால், பங்கசு அகப்படாவிடினும் அதற்குரிய மருந்தைத் தொடங்குவது தக்கது என்னும் கொள்கை, 1982இல் பிற்சோ என்னும் வைத்தியரும் குழுவினரும் செய்த ஒரு சிறிய ஆய்விலிருந்து வேரூன்றியது. சான்றில்லாமற் செயற்படுவது விஞ்ஞானத்துக்கு மாறானது என்று சிலர் நினைக்கலாம். சான்று எத்தனை தடவை தவறும் என்பதை அளந்தறிந்து செயற்படுவதும் விஞ்ஞானமே என்பது என் அபிப்பிராயம்.

மருந்தின் கதையிலே, முன்னர் சொன்ன உறவுத்தொல்லை வருகிறது. பற்றீரியா நமக்கு மிகத் தூரத்து உயிராகையால், நமக்கு ஊறின்றி அதனை மாத்திரம் தாக்கத்தக்க இடங்கள் பல உண்டு. பங்கசுவின் கலமோ நம்முடைய கலத்தை உள்ளமைப்பிலே பெரிதும் ஒத்திருக்கிறது. வேற்றுமைகளுள் ஒன்று கலமென்சவ்விலே: நம்முடையதில் கொலஸ்ரரோல், பங்கசுவினதில் எர்கோஸ்ரரோல். வெனிசுவேலாவிலே ஒரினோக்கோ ஆற்றையடுத்த மண்ணிலிருந்து எடுத்த ஒரு நுண்ணுயிரிலே 1955இல் கண்டறியப்பட்ட அம்போரெறிசின் பி என்னும் மருந்து எர்கோஸ்ரரோலைப் பற்றிக்கொண்டு பங்கசுவைக் கொல்கிறது. கொலஸ்ரரோலையும் ஓரளவு பற்றுவதாலே நோயாளிக்கு நடுக்கமும் சிறுநீரகக் கேடும் உண்டாகின்றன. கொழுப்புத் துளிகளிலே பொதிந்து கொடுக்கும் முறை பிற்காலத்திலே அந்தக் கேட்டைக் குறைத்தது. எர்கோஸ்ரரோல் உண்டாவதையே தடுக்கும் வொரிகொனசோலை அம்போரெறிசினோடு ஒப்பிட்ட ஆய்வு 2002இல் வெளிவந்தது. பன்னிரண்டாம் வாரத்திலே உயிரோடிருந்தவர் புதிய மருந்திலே 70.8 சதவீதம், பழையதிலே 57.9 சதவீதம். நம்முடைய கலத்துக்கு இல்லாத கலச்சுவரைத் தாக்கும் மருந்துகளும் இந்நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து வழங்குகின்றன. நோய் வருமுன்னரே, மட்டம் தாழ்ந்திருக்கும் வாரங்களிலே, பொசகொனசோல் கொடுத்துத் தடுப்பது 2007இல் பரிசோதிக்கப்பட்டபோது, பங்கசு நோய் கண்டவர் 8 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாகக் குறைந்தனர். இத்தனைக்குப் பிறகும், 2022இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட 19 பங்கசுகளின் பட்டியலிலே, மிக அபாயகரமானவை என்று குறித்த நான்கனுள் அஸ்பேர்ஜிலஸ் பியூமிகேற்றசும் ஒன்று.

ஈரம் மிகுந்த நம் நாட்டிலே இது எத்துணை அருகிலிருக்கிறது என்பதற்கு ஒரு நிகழ்ச்சி போதும். 2005இல் கொழும்பிலே, முள்ளந்தண்டில் விறைப்பூசி ஏற்றிச் சத்திரசிகிச்சையினாலே பிள்ளை பெற்ற தாய்மார் சிலருக்கு அஸ்பேர்ஜிலஸ் மூளையுறை அழற்சியை உண்டாக்கிற்று. முந்திய ஆண்டின் சுனாமிக்குப் பின்னர் வந்து குவிந்த மருந்துப்பொருள்களால் களஞ்சியங்கள் நெருக்கடிப்பட்டு, ஊசிக்குழாய்கள் தகாத இடத்திலே ஈரத்தில் இருந்தமையே காரணமாகலாம் என்று ஆராய்ந்தோர் கருதினர். அந்தத் தாய்மாரிடம் வெண்குழியக் குறைவு இருக்கவில்லை. வித்தியை நேரே காவலில்லாத இடத்துக்கு ஊசி கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. மச்சை வறண்டவருக்கோ ஊசியும் வேண்டியதில்லை, மூச்சே போதும். ஆதலாலேதான் அத்தகையோர் தங்கும் அறைகளுக்கு 0.3 மைக்குரோமீற்றர் துகளிலும் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும் காற்றுவடி வைக்கிறார்கள். வைத்தியசாலையிலே கட்டடம் இடித்துத் திருத்தும் காலங்களில் விசேட அவதானம் வேண்டும் என்கிறார்கள். பூச்செண்டும் பூச்சாடியும் உள்ளே வரவிடுவதில்லை.

வடக்கிலே தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை இருக்கிறது. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து திரட்டிய நிதியால் எழுந்தது அது. மகரகமையிலே தேசிய நிலையமும், கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிலையத்திலே பங்கசுவியற் பிரிவும் உள்ளன. ஆனால் மட்டம் 500க்குக் கீழே நிற்கும் நாட்களில் காய்ச்சல் 38 பாகையைத் தாண்டினால், ஒரு மணிநேரத்துக்குள்ளே முதல் பற்றீரியா மருந்து நாளத்தில் ஏறவேண்டும் என்பது இன்றைய வைத்திய நியமம். நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகுப் பயணமே ஏறக்குறைய ஒரு மணிநேரம். அங்கிருந்து புங்குடுதீவு, வேலணை கடந்து, பண்ணைத் தாம்போதி வழியாக யாழ்ப்பாணம் சேரவேண்டும். இரவிலும் கடல் கொந்தளிக்கும் நாளிலும் அதுவும் எளிதன்று. இதிலே நம்மவர் வழக்கம் ஒன்று பெரிய இடையூறு: உடம்பு சுட்டால் இரண்டு பனடோல் போட்டுவிட்டுப் படுப்பது. பனடோல் காய்ச்சலை இறக்குமேயன்றிக் காரணத்தைத் தொடுவதில்லை. சொல்லிக்கொண்டிருந்த ஒரே வாயையும் அது அடைத்துவிடுகிறது. வெப்பமானியால் அளந்து வைத்தியரிடம் சொன்ன பிறகன்றி அதனை வாயிலிடலாகாது. எருக்கும்பி கிண்டுவதும், ஆளில்லாது பூட்டிக்கிடந்த பழைய கல்வீட்டைத் திறந்து கூட்டுவதும், பூஞ்சணம் பிடித்த ஒடியலைப் புடைப்பதும் அந்த வாரங்களில் மற்றவர் செய்யவேண்டிய வேலைகள்.

என்னைக் கேட்டால், தீவகத்து நோயாளர் ஒவ்வொரு சுற்று மருந்துக்குப் பின்னும், எண்ணிக்கை ஏறும் வரையில், தெல்லிப்பழைக்கோ யாழ்ப்பாணப் பட்டினத்துக்கோ அண்மையிலுள்ள இனசனத்தவர் வீட்டிலே தங்கியிருப்பதுதான் தகும். அதற்குச் செலவும் இருக்கிறது, வீட்டுக்காரரின் பொறுமையும் வேண்டியிருக்கிறது. ஒருமுறை அஸ்பேர்ஜிலஸ் கண்டு பிழைத்தவருக்கு அடுத்த சுற்று மருந்தை எப்போது தொடங்குவது என்பதோ இதனிலும் கடினமான கேள்வி. பிந்தினால் புற்று மீளும். முந்தினால் நுரையீரலிலே உறங்கும் இழை மீண்டும் முளைக்கும். அதற்கு இன்னும் ஓர் எண் அகப்படவில்லை. ஸ்கான் படத்தையும் குருதிச் சோதனையையும் நோயாளியின் முகத்தையும் பார்த்து, வைத்தியர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே தீர்மானிக்கிறார்கள்.